புகார் கொடுத்த அன்னைக்கு ராத்திரி

"ஸ்கூல்ல யாராவது சீண்டினா டீச்சர்கிட்ட சொல்லு" என்கிறோம். சொன்ன பிறகு?

2023 ஆகஸ்ட், நாங்குநேரி. சக மாணவர்களின் சாதிச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்த பிளஸ் டூ மாணவன், ஆசிரியர்கள் கேட்டதால் புகார் கொடுத்தான். அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு.

இதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத் தனியே நல அலுவலர் வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. புகாரைக் கசியாமல் வாங்க ஒரு ஆள் வேணுமில்லையா?

கொடைக்கானல் மாதிரி மலையூர் ஹாஸ்டல்களில் இது இன்னும் அவசரம். சீண்டுறவன் பக்கத்துக் கட்டில்லயே படுத்திருப்பான். வீடோ மலைக்குக் கீழே. 14417, 1098 எண்களில் உதவி கேட்கலாம். ஆனால் புகார் வந்ததும் முதல் கேள்வி, "யார் மேல தப்பு?" இல்லை. "இந்தப் பிள்ளை இன்னைக்கு ராத்திரி எங்கே தூங்கும்?"