பின்னால் நிற்பவள் சும்மா நிற்கவில்லை!

போளூருக்கு அருகே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ரேணுகாம்பாள் தரிசனத்துக்காக ஆடி மாதத்தில் அங்கே போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். 'படைவீடு' என்ற பெயர்தான் நாளடைவில் படவேடு ஆயிற்று என்பார்கள்.

படை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுகிறவன் யார்? முன்னணியில் வாளை ஓங்கிக் கொண்டு பாய்கிறானே, அந்த வீரன்தான். ஆனால் பழந்தமிழர் படையின் முன்பகுதிக்குத் 'தூசி' என்று பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. பின்னால் வரும் பகுதிக்கும் 'கூழை' என்று ஒரு பெயர் வைத்தார்கள். தனிப் பெயர் வைத்தார்கள் என்றால், அதற்குத் தனி வேலை இருந்தது என்றுதானே அர்த்தம்?

மன்னர்களின் படைகள் மறைந்துவிட்டன. கூழைப்படை மட்டும் வேறு உருவத்தில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால், பெண்கள் ஸாப்ட்பால் ஆடும் மைதானத்துக்கு வாருங்கள்.

உங்கள் பெண் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு வருகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"டீமில் சேர்த்துக் கொண்டார்கள், அம்மா. ஆனால் எங்கேயோ கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பந்தே வரமாட்டேன் என்கிறது!"

"அதென்ன இடம்?"

"சென்டர் பீல்டு."

"வெயிலில் சும்மா நிற்பதற்கா இத்தனை தூரம் போய் வருகிறாய்? பேசாமல் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடு" என்று அப்பா தீர்ப்புச் சொல்லுமுன், நீங்கள் கொஞ்சம் குறுக்கிட வேண்டும். அதற்கு வேண்டிய விவரம் இதோ.

துடைப்பக் கட்டையில் பிறந்த ஆட்டம்

1887-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு கூடத்துக்குள்ளே ஆரம்பமாயிற்று இந்த ஆட்டம். கயிற்றால் சுற்றிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறைதான் பந்து. துடைப்பக் கட்டைதான் மட்டை! பேஸ்பாலின் தங்கையாகப் பிறந்த இது, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான போட்டியாக இடம் பெற்றது. நம் நாட்டில் 1961-இல் இதற்கென்று சங்கம் ஏற்பட்டது. பள்ளிகளுக்கிடையே நடக்கும் தேசியப் போட்டிகளிலும் ஸாப்ட்பால் உண்டு.

ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். நான்கு 'பேஸ்'கள், ஒன்றுக்கொன்று 60 அடி தூரம். பந்தை அடித்தவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொண்டு ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். உள்வட்டத்தில் ஆறு பேர் நின்று தடுக்கிறார்கள். வெளியே மூன்றே மூன்று பேர்: இடப்புறம் ஒருத்தி, வலப்புறம் ஒருத்தி, நட்டநடுவில் நம்முடைய பெண்.

அவளுக்கு என்ன வேலை?

மைதானம் முழுவதையும் நேருக்கு நேராகப் பார்க்கக் கூடியவள் அவள். ஆகையால் உயரே எழும்பிய பந்துக்கு இரண்டு பேர் ஓடினால், யார் பிடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பெரும்பாலும் அவளுக்குத்தான். "எனக்கு!" என்று அவள் குரல் கொடுத்துவிட்டால், மற்றவள் விலகிவிட வேண்டும். குரல் கொடுக்கக் கூச்சப்பட்டால் இருவரும் மோதிக் கொள்வார்கள். அல்லது 'நீ பிடி, நான் பிடி' என்று இருவரும் பார்த்துக் கொண்டிருக்க, பந்து நடுவில் விழும். பெண் குழந்தை இரைந்து பேசக் கூடாது என்று வீட்டில் அடக்கியிருந்தால், அந்தப் பாடத்தை இங்கே மறக்கச் சொல்ல வேண்டியிருக்கும்!

ஆனால் அவள் வேலையில் பெரும் பகுதி, தனக்கு வராத பந்துக்காக ஓடுவது. பேஸைத் 'திருட' ஒருத்தி ஓடுகிறாள். கேட்சர் இரண்டாவது பேஸை நோக்கிப் பந்தை வீசுகிறாள். பிடிக்கிறவள் தவறவிட்டால்? அந்தப் பேஸுக்குப் பின்னால் நம் பெண் ஏற்கெனவே ஓடி வந்து நிற்க வேண்டும். பந்து இடப்புறம் உயர்ந்து போகிறதா? அதைப் பிடிக்கப் போகிறவளுக்குப் பின்னால் ஓட வேண்டும். பக்கத்தில் ஒட்டிக் கொண்டு நின்றால் பயனில்லை. அவளை ஏமாற்றிய பந்து இவளையும் ஏமாற்றிவிட்டுப் போகும். சில அடி தள்ளி, பந்து தப்பினால் எந்த வழியில் வருமோ அந்த வழியில் நிற்க வேண்டும். அவளையும் தாண்டிவிட்டால் அப்புறம் வெட்டவெளி, எதிர்க்கட்சிக்குக் கொண்டாட்டம்தான்.

பத்துத் தடவை ஓடினால் ஒன்பது தடவை பந்து தப்பாது. அந்த ஒன்பது ஓட்டமும் வீண் மாதிரித் தோன்றும். பத்தாவது தடவை எது என்று முன்கூட்டித் தெரியாதே! அதனால்தான் பத்துத் தடவையும் ஓட வேண்டியிருக்கிறது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறீர்கள். பால் பொங்குகிற சமயத்தில் நாத்தனார் ஓசைப்படாமல் வந்து அடுப்பைத் தணித்துவிட்டுப் போகிறாள். பால் வழியவில்லை, ஆகவே அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. ஸாப்ட்பாலிலும் அப்படித்தான். ஆளை அவுட் செய்தால் கணக்கு ஏட்டில் எழுதுவார்கள்; அதற்கு உதவினால் எழுதுவார்கள்; தவறு செய்தாலும் விடாமல் எழுதுவார்கள். தோழிக்குப் பின்னால் ஓடி நின்றதை எழுத அந்த ஏட்டில் இடமே கிடையாது.

ஒரு கணத்தில் ஒரு தங்கம்

ஆனாலும் சில சமயம் உலகம் முழுவதும் பார்த்துவிடுகிறது. 2021 ஜூலை 27-ஆம் தேதி. டோக்கியோவில் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் ஜப்பான் 2-0 என்று முன்னணியில் இருக்கிறது. அமெரிக்கா எழுந்து வருகிற நேரம். அமாண்டா சிடெஸ்டர் அடித்த பந்து அம்பு போலப் பாய்ந்து, மூன்றாவது பேஸில் நின்ற யூ யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறித்தது. போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற மனா அட்சுமி அதைத் தரையில் விழுமுன் பிடித்தாள்; அதே வேகத்தில் இரண்டாவது பேஸுக்கு எறிந்து இன்னொருத்தியையும் அவுட்டாக்கினாள். தங்கப் பதக்கம் ஜப்பானுக்கு. 'பந்து அவளுடையதாயிற்றே' என்று அட்சுமி ஒரு கணம் சும்மா இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

சென்டர் பீல்டுக்கே உரிய புகழ்க் கதையும் ஒன்று உண்டு. 1954 செப்டம்பர் 29 அன்று, நியூயார்க்கில் பேஸ்பால் உலகத் தொடர் முதல் ஆட்டத்தில், 400 அடிக்கும் அப்பால் பறந்த பந்தை வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடியபடியே பிடித்தார். எல்லோரும் அந்தப் பிடிப்பைத்தான் பேசுகிறார்கள். பிடித்த மாத்திரத்தில் சுழன்று திரும்பிப் பந்தை உள்ளே எறிந்தாரே, அதனால்தான் எதிர்க்கட்சி அப்போது ஓட்டம் எடுக்க முடியாமற் போயிற்று.

இனி உங்கள் பெண் "பந்தே வரவில்லை" என்று சொன்னால், "எத்தனை தடவை ஓடினாய்?" என்று கேளுங்கள். "பத்துத் தடவை" என்று சொன்னாளானால், கூட ஒரு தோசை வார்த்துப் போடுங்கள். ஏட்டில் ஏறாத கணக்கை வீட்டிலாவது யாராவது எழுதி வைக்க வேண்டாமா?