சுங்கானின் வயதைச் சொல்லும் முத்திரை

கண்டிச் சீமையில் தேயிலை வேரூன்றியது 1867இல், ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துரா தோட்டத்தில். அந்தக் காலத்துத் துரைமார் என்றதும் கூடவே நினைவுக்கு வருவது வாயில் கவ்விய சுங்கான். அப்படியொரு பழைய சுங்கான் உங்கள் கையில் கிடைத்தால், அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தண்டும் கிண்ணமும் சேருமிடத்து வெள்ளிப்பூணைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தில் சோதித்த தரமான வெள்ளி. நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்துத்தான் ஆண்டு. அது வருடந்தோறும் மாறியது. அகரவரிசை ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டமும் மாறின. ஆகவே எழுத்தோடு கட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: பூண் பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம்.

லண்டன் டன்ஹில் நிறுவனம் 1920களில் தன் சுங்கான்களின் மரத்திலேயே ஆண்டைப் பொறித்தது. அந்தப் பத்தாண்டுச் சுங்கானில் 'இங்கிலாந்து' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னே சிறிய 5 இருந்தால் ஆண்டு 1925. கண்டியில் இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கும் ஹந்தானைத் தொழிற்சாலை எழுந்ததும் அதே ஆண்டில்தான்!

ஆகவே, பழைய பொருளைப் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். தேய்ந்து போவது அழுக்கு மட்டுமல்ல, அதன் பிறந்த ஆண்டும்தான்.