ஆர்டர் வந்தது; அரிசி வரவில்லை!

குமராட்சிக் கடைத் தெருவில் ஓர் இளைஞனை நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! கற்பனையாகவே நிறுத்திப் பாருங்கள். வீராணத்துத் தண்ணீர் பாயும் வட்டாரம். அவனுக்கோ சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை. தாய் நடவுக்குப் போகிறாள். தகப்பன் அறுப்புக்கும் மூட்டை தூக்கவும் போகிறான். மகன் பத்தாவது தேறியவன். அவன் கையிலே ஒரு காகிதம். கடலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து வந்த ஆர்டர். "அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் வந்து சேரவும்" என்கிறது அக்காகிதம். இன்றைக்குத் தேதி பத்து.

"இனி உனக்கென்னப்பா கவலை?" என்கிறார்கள் சுற்றி நிற்பவர்கள். கவலை என்னவென்று நாம் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதல் தேதி வர இன்னும் இருபது நாள் இருக்கிறது. அந்த இருபது நாளும் கூலி இல்லை. சேர்ந்த பிறகாவது உடனே பணம் வருமா? வராது. மாதம் முழுவதும் உழைத்த பிறகுதான் சம்பளம். 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமே, ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையில், மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றுதான் முதலாளிக்குத் தவணை கொடுத்தது. ஆக, ஆர்டர் வந்த நாளுக்கும் அரிசி வாங்கும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாதம்! இதற்கிடையில் குமராட்சியிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர் என்று பஸ்ஸுக்குக் காசு வேண்டும். நல்ல சட்டை ஒன்று வேண்டும். மத்தியானச் சோற்றுக்கு வழி வேண்டும். வேலை கிடைத்தவன்தான் கடன் வாங்குகிறான். வட்டிக்காரனுக்கு அந்த ஆர்டர் நல்ல ஜாமீன்!

இந்த இடைக்காலத்தில் அவன் வேலையுள்ளவனா, வேலையில்லாதவனா? வயிற்றைக் கேட்டால் இல்லாதவன் என்கிறது. ஊரைக் கேட்டால் உள்ளவன் என்கிறது. சட்டத்தைக் கேட்டால்?

ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்

தமிழ்நாட்டரசு வேலை வாய்ப்பு அலுவலகத்தின் வழியே வேலையற்றோருக்கு உதவித் தொகை தருகிறது. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்றாண்டு வரை கிடைக்கும். நம் இளைஞனுக்குக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய். இதைச் சிறிதென்று எள்ளி நகையாட மாட்டோம். ஒன்றுமில்லாத வீட்டில் பத்து ரூபாயும் பணம்தான்.

ஆனால் அந்தப் பத்து ரூபாயைத் தொடுவதற்கு எத்தனை படிகள்! பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பதிவை மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். வயது 40-க்கு மேற்படலாகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டலாகாது. கல்லூரியில் முழு நேரம் படிப்பவராக இருக்கலாகாது. ஆண்டுதோறும், "நான் எந்த வேலையிலும் இல்லை" என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். உடல் ஊனமுற்ற தோழர்களுக்கு மட்டும் ஓராண்டுப் பதிவு போதும், தொகையும் கூடுதல்.

அந்த 72,000 என்னும் கோட்டைச் சற்று உரசிப் பார்ப்போம். 2024-25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கூலிக்குக் குடும்பத்தில் ஒரே ஓர் ஆள் ஆண்டில் 226 நாள் உழைத்தால் கோடு தாண்டிப் போகிறது! தகப்பனும் தாயும் ஓடியாடி உழைத்தால் மகனுக்கு உதவி இல்லை. உழைப்பதற்கு இப்படியும் ஒரு தண்டனையா என்று நாம் கேட்கிறோம்.

இனி உறுதிமொழிக்கு வருவோம். ஆர்டர் கையில் இருக்கும்போது, "நான் வேலையில் இல்லை" என்று கையெழுத்திடலாமா? பொய்யாகி விடாதா? இந்த அச்சம் நேர்மையான ஏழைக்குத்தான் வரும். நாம் சொல்லுகிறோம்: வேலை என்பது சேர்ந்த நாளில் தொடங்குகிறது. சேராத வேலைக்குச் சம்பளம் எவனும் தருவதில்லை. சம்பளம் இல்லாத நாள் வேலையுள்ள நாளாகாது. ஆகவே ஆர்டரை மறைக்காதீர்கள். "இன்ன தேதியில் சேரப் போகிறேன், அதுவரை வேலையில் இல்லை" என்று எழுதியே கொடுங்கள். சேர்ந்த பிறகு ஒரு நாளைக்கும் கை நீட்டாதீர்கள். உரிமையைக் கேட்பவன் கணக்கில் சுத்தமாக இருக்க வேண்டும்.

முழு மாதம் என்னும் பொறி

ஆலையில் வேலையிழந்தவருக்கு வேறொரு வாசல் உண்டு. அது ஈ.எஸ்.ஐ. 2018 ஜூலை முதல் நாள் தொடங்கிய வேலையிழப்பு நிவாரணத் திட்டம், சராசரி நாட்கூலியில் கால் பங்கை அதிகம் போனால் 90 நாளுக்குத் தந்தது. வாழ்நாளில் ஒரு முறைதான்! இரண்டாண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு ஆறு மாதத்திலும் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், தாமாக ஓய்வு பெற்றவருக்கும் இல்லை.

இங்கேதான் நம் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. வேலை போனவருக்குப் புது வேலை கிடைத்துவிட்டாலும், அதற்கு முன் சும்மா இருந்த முழு மாதங்களுக்கு நிவாரணம் உண்டு என்பது அத்திட்டத்தின் விதி. புது வேலை கிடைத்ததால் பழைய பட்டினி அழிந்துவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொண்ட விதி இது, வரவேற்கிறோம். ஆனால் "முழு மாதம்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? முப்பது நாள் பட்டினிக்குக் கணக்குண்டு. இருபத்தைந்து நாள் பட்டினிக்குக் கணக்கில்லை! மாதம் நிறையுமுன் வேலை தேடிக்கொண்ட சுறுசுறுப்புக்காரன் இழக்கிறான். அவசரப்பட்டு வேலைக்குப் போகாதே என்று அரசே அறிவுரை சொல்லுவது போலல்லவா இருக்கிறது!

2020-இல் கொள்ளை நோய் வந்து ஊரடங்கு போட்டு, ஆலைக் கதவுகள் அடைபட்ட பிறகு கண் திறந்தார்கள். கால் பங்கு அரைப் பங்காயிற்று. 90 நாள் காத்திருப்பு 30 நாளாயிற்று. பழைய முதலாளியின் கையெழுத்துக்கு அலையாமல் தொழிலாளியே நேரில் கேட்கலாம் என்றாயிற்று. கடைசி ஆறு மாதத்தில் 78 நாளும், அதற்கு முந்திய மூன்று தவணைகளில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் இருந்தால் போதும் என்றாயிற்று. ஆபத்து வந்தபோது தளர்த்த முடிந்த விதியை அமைதிக் காலத்தில் இறுக்குவானேன்?

காண்ட்ராக்ட்காரரிடம் வேலை செய்யும் தோழர்களின் பாடு இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு இடையில் வேலையை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் 78 நாள் எங்கிருந்து வரும்? பிடித்த சந்தாவைக் கட்டினாரா என்று பார்க்காமலே காலம் போய்விடுகிறது. வேலை போன பிறகு போய்ப் பார்த்தால் ஏட்டில் பெயரே இல்லை!

சீமை கற்ற பாடம்

இது நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. பிரிட்டனில் 1911-இல் வேலையின்மை இன்ஷ்யூரன்ஸ் சட்டமாயிற்று. வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம் வரை. 1921-இல் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: உண்மையாகவே வேலை தேடுகிறேன் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டும்! சுரங்கமும் ஆலையும் மூடிக்கிடந்த ஊர்களில், இல்லாத வேலையைத் தேடி வாசல் வாசலாக நடந்தார்கள். தேடியதற்குச் சாட்சி கேட்டார்கள். தொழிலாளர் இயக்கம் ஓயாது எதிர்த்தது. 1930-இல் அந்த நிபந்தனை ஒழிந்தது. தொழிலாளியைப் பொய்யன் என்று எண்ணித் தொடங்கும் விதி நிலைக்காது என்பதே அந்த ஒன்பது ஆண்டுகள் சொல்லும் பாடம்.

நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பாரத்தைத் திருப்பி வைத்தது. வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அரசு படி கொடுக்க வேண்டும் என்றது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதன் பிறகு பாதியாவது! தேதியிட்ட ரசீது இருந்தால்தான் அந்த 15 நாள் ஓடத் தொடங்கும். ரசீது வாங்காதவன் உரிமை காற்றில் போயிற்று. காகிதத்தின் அருமை அது.

வேலையின்மையில் பொது உதவி தருவது பற்றி அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு பேசுகிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் அதற்குண்டு. அந்த வாலையே பிடித்துக்கொண்டிருப்போரை நாம் கேட்பது பெரிய மாளிகையல்ல, நான்கே நான்கு.

முழு மாதக் கணக்கை விட்டு நாள் கணக்கில் கொடுங்கள். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய நாள் வரை கொடுங்கள். முதல் சம்பளம் வரும் வரை அரைப் பங்காவது நீட்டிக் கொடுங்கள். 72,000 என்னும் கோட்டைக் கூலி ஏறுவதற்கேற்ப உயர்த்துங்கள்.

தோழர்களே, அதுவரை நம் வேலை என்ன? உங்கள் தெருவில் ஆர்டர் வாங்கிய பிள்ளை இருந்தால் வாழ்த்தோடு நிற்காதீர்கள். அவன் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள். சந்தா நாளை எண்ணிப் பாருங்கள். மனுவுக்குத் தேதி போட்ட ரசீது வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் சங்கப் பணத்தில் முதல் மாத பஸ் செலவைக் கடனாகக் கொடுங்கள்; வட்டி வேண்டாம்.

முதல் சம்பளம் வந்ததும் அவன் திருப்பித் தருவான். அடுத்த பிள்ளைக்கு அந்தப் பணம் பயன்படும்.