மாதர் சுகாதார முகாம்: எதற்காகப் போக வேண்டும்?



"எனக்கு என்ன வந்துச்சு? நல்லாத்தானே இருக்கேன். முகாமுல போய் உட்கார்ந்துட்டா வீட்டு வேலையை யார் பார்க்கிறது?" மாதர் சுகாதார முகாம் என்றதும் நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பதிலும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குச் சாலை பிரியும் சிம்பாங் பூலாய் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டாலும், நம் பெண்கள் விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் ஆக்கிப் போட்டு, பிறகு வேலைக்கும் ஓடுகிறார்கள். தனக்கென்று ஒரு நாள் ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்? அடுப்படியை விட்டு, மாமியார், கணவர், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல், பெண்கள் மட்டும் கூடி, கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடந்தான் முகாம். அங்கே கற்க வேண்டிய பாடங்கள் மூன்று.

முதல் பாடம்: கருப்பை வாய்ப் புற்றுநோய்

வலித்தால்தான் நோய் என்று நினைக்கிறோம். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. இதற்குக் காரணம் எச்.பி.வி. என்னும் கிருமி. இது தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுகிறது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொற்றும். இதில் நடத்தைப் பேச்சுக்கே இடமில்லை. பலருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் நமக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் கண்டுபிடித்தால் புற்று வராமலே தடுத்துவிடலாம்.

30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் அரசாங்க கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மிஸ்ஸி ஒரு சிறு தூரிகையால் தடவி எடுப்பார். சில நிமிட வேலை. வெட்கமாக இருக்கிறதா? பெண்ணே தன் கையால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரோஸ் திட்டம் 2018-இல் சிலாங்கூரில் இதைச் செய்து காட்டியது. உங்கள் கிளினிக்கில் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

உறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், இவற்றில் எது கண்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள். மகளுக்கு 13 வயதா? பள்ளியில் தடுப்பூசி போடும் திட்டம் 2010-இல் தொடங்கியது. தவறிப்போயிருந்தால் கிளினிக்கில் விசாரியுங்கள்.

இரண்டாம் பாடம்: இரத்தச் சோகை

"எப்பப் பார்த்தாலும் அசதி, படி ஏறினா மூச்சு வாங்குது" என்கிறீர்களா? அது சோம்பல் அல்ல, இரத்தக் குறைவாக இருக்கலாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. முருங்கைக் கீரை, நெத்திலி, ஈரல் சாப்பிடுங்கள். கூடவே கொய்யாப்பழமும் நல்லது. சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மூன்றாம் பாடம்: மருந்து அடிக்கும் வேலை

தோட்டங்களில் மருந்து அடித்தவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. உள்ளே போனால் முறிவு மருந்தே இல்லாத பராகுவாட், 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. கையுறை, முகமூடி இல்லாமல் டாங்கியைத் தூக்காதீர்கள். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலி மருந்துப் போத்தலை வீட்டுக்குக் கொண்டு வரவே வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் வேறு வேலை கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முகாம் என்ற பேரில் பொடியும் போத்தலும் விற்க வருகிறவர்களும் உண்டு. நல்ல முகாமில் டாக்டரோ மிஸ்ஸியோ இருப்பார்; கேள்விக்குப் பதில் சொல்வார்; அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவார். "இதை வாங்கினா எல்லா நோயும் போயிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு நாளும் சோறு வடிப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது உங்கள் பொறுப்பு. அதனால் குடி முழுகிப் போகாது. வீட்டுக்காரி படுத்துவிட்டால்தான் வீடு படுத்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை அழைப்பு வரும்போது தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவையும், கல்யாணமாகப் போகும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகாம் வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், கிளினிக் கதவு திறந்துதான் இருக்கிறது.