உயர்கல்வி வாயிலில் தமிழ்ச் சொற்கள்: சேர்க்கை வகைகளும் கல்வி ஆலோசனையும்

பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இடம் கிடைத்ததா இல்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது. இடம் கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் அர்ச்சனை, உறவினர்க்கு விருந்து. கிடைக்காவிட்டால் வருத்தம், நாளிதழுக்கு ஒரு கடிதம். ஆனால் மாணவர் எந்த வழியில் சேர்ந்தார், எந்த நிலையில் பதிவு செய்யப்பட்டுள்ளார், படிப்பில் இடர் நேர்ந்தால் யாரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை நாம் வீட்டில் பேசுவதில்லை. அவற்றைக் குறிக்கும் சொற்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பது அதற்கு ஒரு காரணம். அந்தச் சொற்களை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று நம் முன்னோர் போராடியது இந்த நாட்டின் வரலாறு. 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே தமிழ் கற்பிக்கப்பட வேண்டுமென்று தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். உழைக்கும் மக்களும் அதற்குப் பொருள் தந்தனர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை உருவானது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அத்துறையில் பணியாற்றிய காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நடைபெற்றது. பல்கலைக்கழகத்திற்குள் தமிழைக் கொண்டுசென்ற தலைமுறை அது. பல்கலைக்கழக நடைமுறையைத் தமிழுக்குள் கொண்டுவருவது நம் தலைமுறையின் கடமை.

சேர்க்கை வழிகள்

நம் பேச்சுக்காகக் கிள்ளானில் வாழும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வு முடிந்திருக்கிறது. அவள் முன் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது ஆறாம் படிவம். 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக நடத்தப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முடிகிறது. இதில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். இரண்டாவது மெட்ரிகுலேஷன். பெரும்பாலோர்க்கு இது ஓராண்டுப் படிப்பு. இதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்க்கும் 10 விழுக்காடு ஏனையோர்க்கும் என்பது நெடுநாளைய பகிர்வு. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்ந்தபோதும் இவ்விகிதம் மாறவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றோர்க்கு இனவேறுபாடின்றி இடம் தரப்படும் என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அறிவித்தார். மூன்றாவது டிப்ளோமா. ஷா ஆலாம் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் ஷா போலிடெக்னிக் போன்ற நிறுவனங்களில் டிப்ளோமா முடித்தவர் பின்னர் இளங்கலைப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். நான்காவது பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் நடத்தும் அடிப்படைக் கல்வி. இதனை 'அசாசி' என்பர்.

இந்நான்கும் ஒரே வாயிலுக்குச் செல்லும் வெவ்வேறு பாதைகள்தாம். எனினும் இடையில் மனம் மாறினால் எல்லாப் பாதையும் ஒரே அளவு இடம் தருவதில்லை. எஸ்.டி.பி.எம். சான்றிதழ் அரசு, தனியார், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் செல்லும். ஒரு தனியார் கல்லூரியின் அடிப்படைக் கல்வியோ முதன்மையாக அந்நிறுவனத்தின் பட்டப்படிப்பை நோக்கி அமைந்திருக்கும். கட்டணம் செலுத்துவதற்கு முன், இச்சான்றிதழ் வேறெங்கெல்லாம் ஏற்கப்படும் என்று கேட்பது முதல் கடமை. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அப்படிப்பு இடம்பெற்றுள்ளதா என்று பார்ப்பது இரண்டாவது கடமை.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை 'யூ.பி.யூ.' என்னும் மைய விண்ணப்ப முறையில் நடைபெறுகிறது. 2002 முதல் தகுதிப்புள்ளி முறை நடப்பில் உள்ளது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்க்குக் கல்வித் தேர்ச்சிக்கு 90 புள்ளி, புறப்பாட நடவடிக்கைக்கு 10 புள்ளி. சராசரித் தரப்புள்ளி 3.50 பெற்ற மாணவிக்கு 4.00இல் 3.50 என்னும் கணக்கில் 78.75 புள்ளி கிடைக்கும். புறப்பாடத்தில் 8 பெற்றிருந்தால் மொத்தம் 86.75. புறப்பாடத்தில் 4 புள்ளியை இழந்தால் அதனை ஈடுசெய்யச் சராசரியில் ஏறக்குறைய 0.18 கூடுதலாகப் பெறவேண்டும். சங்கக் கூட்டமும் விளையாட்டும் நேரத்தை வீணாக்குவன என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவற்றோடு, பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் வேலைக்குச் சென்றவர்க்கும் ஒரு வழி உண்டு. 'ஏப்பல்' எனப்படும் முன்னனுபவக் கற்றல் மதிப்பீட்டின் வாயிலாக, 21 வயது நிறைந்தவர் தம் பணியனுபவத்தை மதிப்பிடச் செய்து இளங்கலைப் படிப்பில் சேரத் தகுதி பெறலாம். மகளுக்கு வழி தேடும் தந்தையே தமக்கும் ஒரு வழி இருப்பதை அறியாமல் இருக்கலாம்.

பதிவு நிலை

சேர்ந்தபின் மாணவியின் பெயருக்கு எதிரே ஒரு நிலை எழுதப்படுகிறது. முழுநேரம், பகுதிநேரம், தொலைக்கல்வி என்பன அவற்றுள் சில. இவை நேரத்தை மட்டும் குறிப்பன அல்ல. ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம், எத்தனை ஆண்டுக்குள் முடிக்கவேண்டும், விடுதியில் தங்கலாமா, உதவித்தொகை தொடருமா என்பனவெல்லாம் இந்நிலையைச் சார்ந்தவை. பி.டி.பி.டி.என். கடன் பெற்றவர் நிலை மாறினால் அதனை அந்நிறுவனத்திற்கும் தெரிவிக்கவேண்டும்.

முழுநேரம் என்னும் சொல்லின் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு பாட அலகு என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 அலகு வேண்டும். அதாவது 4,800 மணி நேரம். ஒரு பருவத்தில் மூன்று அலகுள்ள ஐந்து பாடங்களை எடுத்தால் 600 மணி. கற்பிக்கும் வாரம், மீள்பார்வை வாரம், தேர்வு வாரம் எல்லாம் சேர்த்து 17 வாரம் என்று கொண்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 35 மணி. வகுப்பு வாரத்துக்கு 15 மணிதானே என்று எண்ணி, மாலையில் கடையொன்றில் 25 மணி நேர வேலையை ஏற்கும் மாணவி உண்மையில் வாரத்துக்கு 60 மணி உழைக்க ஒப்புக்கொள்கிறாள். இதனை முன்னரே சொல்வார் இருந்தால் அவள் பாடத்தையோ வேலையையோ குறைத்துக்கொள்வாள்.

இனி மிக இன்றியமையாத ஒரு நிலையைக் காண்போம். மலாயில் 'தங்குஹ் பெங்காஜியான்' என்பது. தமிழில் 'பயில்வு ஒத்திவைப்பு' எனலாம். நாம் எண்ணிய கிள்ளான் மாணவி முதல் இரண்டு பருவங்களில் 3.20 பெற்றாள் என்று கொள்வோம். மூன்றாம் பருவத்தில் தந்தை நோயுற்றார். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் அவள் இன்னும் ஐந்து பாடம் பயிலும் மாணவி. தேர்வுக்கு வராததால் ஐந்திலும் தோல்வி; அப்பருவத் தரப்புள்ளி 0.00. மூன்று பருவத்திலும் ஒரே அளவு அலகு எனில் அவளுடைய சராசரி 2.13ஆக வீழ்கிறது. அதே மாணவி உரிய காலத்தில் ஒத்திவைப்பு விண்ணப்பத்தை அளித்து ஒப்புதல் பெற்றிருந்தால் அவள் சராசரி 3.20 ஆகவே இருக்கும், இடமும் காத்திருக்கும். தந்தையின் நோயும் குடும்பத்தின் நெருக்கடியும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு ஒரு விண்ணப்பம்.

கல்வி நிலை

மூன்றாவது வகை, தேர்ச்சியைப் பொறுத்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தரப்புள்ளி 2.00க்குக் கீழ் சென்றால் மாணவர் தகுதிகாண் நிலையில் வைக்கப்படுகிறார். அது தண்டனையன்று, எச்சரிக்கை. ஆனால் தொடர்ந்து அந்நிலையில் இருந்தால் படிப்பிலிருந்து நீக்கப்படுவார். இந்நிலையை அறிவிக்கும் கடிதம் வந்ததும் பல மாணவர் அதனை வீட்டாரிடம் மறைக்கின்றனர். மறைப்பதனால் இழப்பது காலம்.

மூன்றாண்டுப் படிப்பில் ஆறு பருவம், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு அலகு என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 1.80 பெற்றவர், எஞ்சிய ஐந்து பருவங்களில் சராசரி 3.24 பெற்றால் 3.00 என்னும் மொத்தச் சராசரியோடு பட்டம் பெறலாம். கடினமே எனினும் முடியக்கூடியது. நான்கு பருவம் வரை 2.20 என்னும் அளவிலேயே சென்றவர்க்கோ அதே 3.00ஐ எட்ட எஞ்சிய இரண்டு பருவங்களில் 4.60 வேண்டும். உச்சமே 4.00தான். ஆகவே முதல் பருவத்தில் கேட்கும் உதவிக்கும் ஐந்தாம் பருவத்தில் கேட்கும் உதவிக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

கல்வி ஆலோசகர்

இவ்வுதவியைத் தருவதற்கென்றே 'பெனாசிஹாட் அகாடெமிக்' எனப்படும் கல்வி ஆலோசகர் இருக்கிறார். பொதுவாகத் துறை விரிவுரையாளர் ஒருவரே சில மாணவர்க்கு ஆலோசகராக அமர்த்தப்படுகிறார். பாடப் பதிவுக்கு ஒப்புதல் அளிப்பவராக மட்டுமே மாணவர் பலர் அவரை அறிந்துள்ளனர். நம் பிள்ளைகளிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. ஆசிரியரிடம் குறையைச் சொல்வது மரியாதைக் குறைவு என்றும், கேள்வி கேட்பது அறியாமையைக் காட்டுவது என்றும் வளர்ந்தவர்கள் அவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்பவர்க்கு இத்தயக்கம் மிகுதி. 'அண்ணா, இதற்கு என்ன செய்வது?' என்று கேட்க வீட்டில் முன்சென்றவர் எவரும் இல்லை.

ஒரு பருவத்தில் மூன்று முறை ஆலோசகரைக் காண்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பாடப் பதிவுக்கு முன் ஒருமுறை: எப்பாடம் எதற்கு முன்தேவை, எது எந்தப் பருவத்தில் மட்டும் நடைபெறும் என்று கேட்க. பருவத்தின் நடுவில் ஒருமுறை: ஒரு பாடம் கைமீறிப் போகிறது எனில் இறுதி நாளுக்குள் அதிலிருந்து விலகலாமா என்று கேட்க. முடிவு வந்தபின் ஒருமுறை: அடுத்த பருவத்தின் சுமையைத் திட்டமிட. டிப்ளோமா முடித்து வந்தவர், முன்பு படித்த பாடங்களுக்கு அலகு மாற்றம் கிடைக்குமா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும்.

ஆலோசகர் எல்லாவற்றையும் தீர்ப்பவர் அல்லர். மனச்சோர்வுக்கு உளவளத்துணைப் பிரிவு, கட்டணத்திற்கு நிதிப் பிரிவு, பதிவு நிலை மாற்றத்திற்குப் புல அலுவலகம் என்று தனித்தனி இடங்கள் உள்ளன. எங்கே செல்லவேண்டும் என்பதைச் சொல்வதும் ஆலோசகரின் பணியே.

மொழி செய்யவேண்டியது

இவ்விடத்தில் மொழி மன்றத்துக்கு உரிய பணி தொடங்குகிறது. 'கெபூஜியான்' என்னும் மலாய்ச் சொல்லை எடுத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். சான்றிதழில் அது 'கிரெடிட்' என்னும் தேர்ச்சி நிலையைக் குறிக்கும். பட்டச் சான்றிதழில் அதே சொல் சிறப்புப் பட்டத்தைக் குறிக்கும். 'கிரெடிட்' என்பதும் அவ்வாறே: பள்ளியில் தேர்ச்சி நிலை, பல்கலைக்கழகத்தில் பாட அளவு, வங்கியில் கடன். 'அலகு மாற்றம்' என்பதைக் 'கடன் மாற்றம்' என்று யாரேனும் மொழிபெயர்த்தால் கேட்கும் தாய் பி.டி.பி.டி.என். கடனைத்தான் நினைப்பார். 'தங்குஹ்' என்பதும் படிப்பை ஒத்திவைப்பதற்கும் கடன் தவணையை ஒத்திவைப்பதற்கும் ஒருசேர வழங்குகிறது. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதும் நிகழ்ந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

எனவே தேர்ச்சி நிலைக்குக் 'கிரெடிட்' என்னும் வழக்கையே வைத்துக்கொண்டு, பாட அளவுக்குப் 'பாட அலகு' என்றும், பட்டத்திற்குச் 'சிறப்புப் பட்டம்' என்றும், படிப்புக்குப் 'பயில்வு ஒத்திவைப்பு' என்றும், கடனுக்குத் 'தவணை ஒத்திவைப்பு' என்றும் தனித்தனியே வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. புதுச்சொல் படைப்பது நம் நோக்கமன்று. ஒரு சொல்லைக் கேட்டவுடன் ஒரே பொருள் தோன்றவேண்டும் என்பதே. மலாய்ச் சொல்லையும் உடன் சொல்லவேண்டும். விண்ணப்பப் படிவத்தில் இருப்பது அதுவேயாதலின், பிள்ளை அதனையும் அடையாளம் காணவேண்டும்.

கிள்ளானில் ஏறினால் கே.டி.எம். கொமுட்டர் தொடர்வண்டி பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் வழியாகத் தஞ்சோங் மாலிம் வரை செல்கிறது. அங்கே 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது; தமிழாசிரியராக விரும்பும் மாணவர் பலர் அங்கே பயில்கின்றனர். வார இறுதியில் அவ்வண்டியில் வீடு திரும்பும் பிள்ளையிடம் 'நன்றாகப் படிக்கிறாயா?' என்று கேட்டால் 'ஆம்' என்ற ஒரு சொல்தான் விடையாக வரும். 'இந்தப் பருவம் எத்தனை அலகு? ஆலோசகரைப் பார்த்தாயா? விலகுவதற்கு இறுதி நாள் எது?' என்று கேட்டால் உரையாடல் பிறக்கும். அக்கேள்விகளைக் கேட்கப் பெற்றோர்க்குப் பட்டம் வேண்டியதில்லை. சொற்களைத் தெரிந்திருந்தால் போதும். இப்பக்கத்தை மடித்து, வீட்டில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை உள்ள ஒருவரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.