குளத்துப் பச்சைத் தவளை

வயலுக்குப் பாய்வதும் குளத்து நீரே. நூலை அலசுவதற்கும் பல ஊர்களில் அந்நீரே உதவி வந்திருக்கிறது. அக்குளத்தையே வீடாகக் கொண்டு வாழும் பிராணி பச்சைத் தவளை. அதன் நலமும் நம் நலமும் வேறல்ல என்பதை அங்கத்தினர்கள் உணர்தல் வேண்டும்.

புதுச்சேரியில் கிடைத்த தவளையைக் கொண்டு 1834ஆம் ஆண்டில் லெஸ்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினத்தை விவரித்தார். தமிழகத்திலும் இலங்கையிலும் இது பரவலாக உண்டு. முதுகு இலைப்பச்சை, வயிறு வெண்மை. பின்கால் விரல்களைச் சவ்வு இணைத்திருப்பதால் நீந்துவதில் வல்லது. கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், உடலை நீரில் அமிழ்த்திக்கொண்டே கரையைக் கவனிக்கும்.

இதன் உணவு விந்தையானது. இளமையில் பூச்சிகளைத் தின்னும் இத்தவளை, வளர்ந்தபின் நீர்ச்செடிகளின் இலைகளையும் மிகுதியாக உண்ணும். தவளைகளுள் இது அபூர்வமான குணம். எனவே செடிகொடியற்ற வெறுங்குளத்தில் இது நிலைப்பதரிது.

இதற்கு நேர்ந்த முதல் இடர் வியாபாரத்தால் வந்தது. தவளைக்கால் ஏற்றுமதியால் அன்னியச் செலாவணி கிடைத்தது. தவளைகளோ பெருவாரியாகப் பிடிபட்டன. தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற அச்சமும் எழுந்தது. 1987இல் இந்திய அரசு இவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

இன்றைய இடர் நம் கையாலேயே வருகிறது. தவளை தோலின் வழியே நீரை உறிஞ்சுகிறது. ஓரளவு சுவாசிக்கவும் செய்கிறது. முட்டைக்கும் ஓடு கிடையாது. ஆகையால் நீரில் கரைந்த பூச்சிமருந்தும் சாயமும் அதன் உடலுள் எளிதில் புகுந்துவிடும்.

அசுத்த நீரால் கெடுவது தவளை மட்டுமன்று. சாயக்கழிவு கலந்து நொய்யலாற்று நீர் பாசனத்துக்கு உதவாமற்போன கதையை அறிவோம். 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர் விளைச்சலை இழந்தனர். பட்டறைத் தொழிலாளர் வேலையை இழந்தனர்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. மருந்து தெளித்த கருவிகளைக் குளத்தில் கழுவலாகாது. சாயநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடலாகாது. தூர் வாரும்போது ஒரு கரையோரச் செடிகளையேனும் விட்டுவைத்தல் வேண்டும். குளம் ஒருவருடையதன்று, இவற்றைத் தனியொருவர் செய்து பயனில்லை. உழவரும் நெசவாளரும் சங்கக் கூட்டத்தில் ஒன்றாக அமர்ந்து தீர்மானித்து, அதன்படி நடப்பார்களாக!