கேலிக்கு ஆளான "மஞ்சள் கெண்டி" வெற்றி பெற்றது எப்படி?

டர்போ காருக்கு அடுத்து எதை மாற்றுவது? பிரெஞ்சு என்ஜினீயர்கள் கற்ற பாடம்

இங்கிலாந்து நாட்டில் சில்வர்ஸ்டோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மோட்டார் பந்தயத்துக்குப் பேர் போன ஊர். 1977-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி அங்கே ஒரு பெரிய பந்தயம் நடந்தது. "பார்முலா ஒன்று" என்னும் உலகப் பந்தய வரிசையில் அது ஒன்று.

அன்று ஒரு புதிய கார் களத்தில் இறங்கியது. மஞ்சள் நிறக் கார். பிரான்சு நாட்டின் ரெனால்ட் கம்பெனி செய்தது.

மற்றக் கார்களின் என்ஜின் 3 லிட்டர் அளவு உள்ளது. ரெனால்ட் காரின் என்ஜினோ 1½ லிட்டர்தான். சரி பாதி! ஆனால் அதில் "டர்போ" என்ற கருவி பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பந்தய வரிசையில் டர்போ கார் ஓடியது அதுவே முதல் தடவை.

நடந்தது என்ன? டர்போ பழுதாகி, கார் நடுவழியில் நின்று விட்டது! அந்த ஆண்டில் அந்தக் கார் ஒரு பந்தயத்தைக் கூட ஓடி முடிக்கவில்லை. அடிக்கடி புகை கக்கி நின்றதால், "மஞ்சள் தேநீர்க் கெண்டி" என்று பட்டப் பெயர் சூட்டிச் சிரித்தார்கள்.

துருத்தி ஊதும் புகை

டர்போ என்பது என்ன?

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியை அமுக்கினால் காற்று பாய்கிறது. கரி கனன்று எரிகிறது. கூடுதல் காற்று கிடைத்தால் கூடுதல் கரி எரியும். சூடும் கூடும்.

கார் என்ஜினும் அப்படித்தான். உள்ளே போகும் காற்று எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளினால், சிறிய என்ஜினும் பெரிய என்ஜினைப் போல் வேலை செய்யும்.

அந்தத் துருத்தியை ஊதுவது யார்? என்ஜின் வெளியே விடும் புகைதான்! ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும். மற்றொன்று காற்றை என்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும்! சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்.

பலமும் தொல்லையும்

பலன் பெரிதுதான். தொல்லையும் பெரிது.

முதல் தொல்லை சூடு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி சூடுள்ள காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சூடு 100 டிகிரியைத் தாண்டி விடும். காற்று மிகவும் சூடாக இருந்தால், உள்ளே இருக்கும் பெட்ரோல் நேரம் தவறி, தானாகவே வெடிக்கும். "டக், டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகி விடும். என்ஜின் போச்சு!

இரண்டாவது தொல்லை தாமதம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்த உடனே வேகம் வராது. புகை பெருகி, சக்கரம் சுழன்று, காற்று பாய வேண்டும். வளைவில் மிதித்தால், வளைவு முடிந்த பிறகு திடீரென்று பலம் வரும்! பந்தய வீரருக்கு இது எவ்வளவு ஆபத்து!

எந்த இடம் முதலில் உடையும்?

ரெனால்ட் என்ஜினீயர்கள் முன் ஒரு கேள்வி நின்றது. அடுத்து எதை மாற்றுவது?

காற்றழுத்தத்தை இன்னும் ஏற்றலாம். பலம் உடனே கூடும். ஆனால் பலம் அவர்களுக்குக் குறைவாக இல்லை. அந்தச் சிறிய என்ஜின் ஏறக்குறைய 500 குதிரைச் சக்தி தந்தது. பலத்தைத் தாங்கும் உறுதிதான் இல்லை.

ஆகவே அவர்கள் "எது பலத்தைக் கூட்டும்?" என்று கேட்பதோடு நிற்கவில்லை. "எந்த இடம் முதலில் உடைகிறது?" என்றும் கேட்டார்கள். உடைந்த பாகங்களை ஆராய்ந்து பலப்படுத்தினார்கள். அமுக்கிய காற்றைக் குளிர வைத்து என்ஜினுக்கு அனுப்பினார்கள். இந்தக் குளிர்விக்கும் கருவிக்கு "இன்டர்கூலர்" என்று பெயர்.

பலன் மெல்ல மெல்லத் தெரிந்தது. 1978-ம் ஆண்டு அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் ரெனால்ட் 4-வது இடம் பெற்றது. 1979-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் கியாலமி பந்தயத்தில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டது. அது மேட்டு நிலம். காற்று அடர்த்தி குறைவு. மற்றக் கார்கள் மூச்சுத் திணறின. டர்போ கார் திணறவில்லை. ஆனாலும் பந்தயத்தின் நடுவே என்ஜின் பழுதாகி விட்டது.

அதே ஆண்டு மற்றொரு மாற்றம் செய்தார்கள். ஒரு பெரிய டர்போவை எடுத்து விட்டு, இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். சிறிய சக்கரம் லேசானது. மிதித்ததும் சீக்கிரம் சுழலும். தாமதம் குறைந்தது.

1979-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. பிரான்சு நாட்டின் டிஜோன் நகருக்கு அருகே பந்தயம். ரெனால்ட் வீரர் ஜான் பியர் ஜபூய் முதலாவதாக வந்தார்! பார்முலா ஒன்று பந்தயத்தில் டர்போ காருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. சொந்த நாட்டு மண்ணிலேயே கிடைத்தது. மற்றொரு ரெனால்ட் வீரரான ரெனே ஆர்னூ மூன்றாவது இடம் பெற்றார்.

"மஞ்சள் கெண்டி" என்று பெயர் சூட்டியவர் கென் டிரல் என்று சொல்வார்கள். அவர் ஒரு பந்தயக் குழுவின் சொந்தக்காரர். 1985-ம் ஆண்டு அவருடைய குழுவே ரெனால்ட் டர்போ என்ஜினை வாங்கித் தன் காரில் பூட்டியது!

தண்ணீர் ஊற்ற மறந்தவர்கள்

அமெரிக்காவில் இதற்கு முன்பே வேறொரு கதை நடந்தது. 1962-ம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி "ஜெட்பயர்" என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 215 குதிரைச் சக்தி. சூட்டைத் தணிக்க, தண்ணீரும் மெத்தனால் என்ற சாராயமும் கலந்த திரவத்தைக் காற்றோடு சேர்த்துத் தெளித்தார்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் திரவம் தீர்ந்ததும் வண்டிக்காரர் மறுபடி ஊற்ற வேண்டுமே! பலர் மறந்தார்கள். கார் பலம் இழந்தது. 1963-ம் ஆண்டோடு அந்தக் கார் நின்று போயிற்று. பிறகு பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. அன்றாடம் கவனிக்க முடியாத பாகம், எவ்வளவு நல்லதானாலும், வீட்டுக் காருக்குப் பயன்படாது.

சொந்தக் காருக்கு எது முதலில்?

இப்போது சாதாரணக் குடும்பக் கார்களிலும் டர்போ இருக்கிறது. "கம்ப்யூட்டரில் அழுத்தத்தை ஏற்றினால் போதும், பறக்கும்" என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. காரின் பலத்தைக் கூட்ட விரும்புகிறவர் இந்த வரிசையை மனதில் வைப்பது நல்லது.

முதலில் என்ஜின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய், ஸ்பார்க் பிளக், காற்றுக் குழாய்க் கசிவு இவற்றைச் சோதிக்க வேண்டும். நோயாளிக்கு மல்யுத்தம் எதற்கு?

இரண்டாவது, பிரேக்கும் டயரும். ஓடுகிற கார் நிற்கவும் வேண்டும் அல்லவா?

மூன்றாவது, இன்டர்கூலர். காற்று குளிர்ந்தால் என்ஜினுக்கு ஆபத்துக் குறையும்.

நான்காவது, பெட்ரோல் பம்பும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும். காற்றைக் கூட்டி, பெட்ரோல் போதாமல் விட்டால் பிஸ்டன் வெந்து போகும்.

இவை சரியான பிறகே கம்ப்யூட்டரில் கை வைக்கலாம். அதையும் தேர்ந்த மெக்கானிக் அளவு பார்த்துச் செய்ய வேண்டும். பெரிய டர்போ கடைசி. கிளச்சும் கியரும் அந்தப் பலத்தைத் தாங்குமா என்று அதற்கு முன் பார்க்க வேண்டும். கம்பெனி தந்த உத்தரவாதமும், நாட்டுச் சட்டமும் இடம் கொடுக்கின்றனவா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது அவசியம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். அப்போதுதான் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியும்.

பந்தய டர்போக்களின் பலம் அளவு கடந்து போனதால், 1989-ம் ஆண்டு முதல் அவை தடை செய்யப்பட்டன. 2014-ம் ஆண்டு மறுபடியும் வந்தன. ஆனால் சில்வர்ஸ்டோனுக்கும் டிஜோனுக்கும் நடுவே கழிந்த அந்த இரண்டு ஆண்டுகள் கற்பித்த பாடம் மாறவில்லை. பலத்தை ஏற்றுவது சுலபம். அதைத் தாங்கும் உறுதியை முதலில் தேடுபவனே ஓடி முடிப்பான்!